பதினோரு குரல்கள்

காலை ஒன்பது பத்து ஆவதற்குள் நாலு முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது. ஒன்பது பத்துக்கு எங்கள் டீமைப் பார்த்துக்கொண்ட மேடத்தின் போன் வரும்.

அவர் கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி யாரையும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் எல்லாருமே அவரைவிட வயதில் சிறியவர்கள், ஆனாலும் ஒவ்வொருவரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அப்படியிருந்தும் எங்கள் பதினோரு பேரில் அந்த போனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது.

எங்கள் வேலை சுலபமானதுதான். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கையால் எழுதிய கேஸ் சீட்டுகள் படமாக வரும். இன்சூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களின் சீட்டுகள். அந்தக் கிறுக்கல்களைப் படித்து, கம்ப்யூட்டரில் தட்டி, சென்னையில் இருக்கும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். முதலில் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மாடியில் ஆபீஸ் இருந்தது. எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு வாடகை வீண் என்று சொல்லி ஆபீஸைக் காலி செய்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். சின்னசேலத்தில் இரண்டு பேர், எலவனாசூர்கோட்டையில் ஒருத்தி, தியாகதுருகம் பக்கம் மூன்று பேர் என்று சிதறிப் போனோம். நான் கள்ளக்குறிச்சி டவுனிலேயே இருந்தேன். அலமேலு கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில். எங்கள் எல்லாரையும் மேய்க்க வேண்டியவர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில்.

போனை எடுத்ததும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார். இன்னா சாப்ட்டீங்க என்பார். நாம் இட்லி என்றோ பழைய சோறு என்றோ சொல்வோம். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேச மாட்டார். நான்கைந்து நொடி. அந்த நான்கைந்து நொடியில்தான் எனக்கு வியர்க்கும். நமக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது, நம் மூச்சு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் அவர் அப்போது வாங்கிக்கொள்கிறார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பிறகு "சரிங்க, வேலைய பாருங்க" என்று வைத்துவிடுவார். பதினோரு பேருக்கும் இதே. முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

ஒருமுறை எலவனாசூர்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். லீவு கேட்கத் தயக்கமாக இருந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஒன்பது பத்துக்கு மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகே போய் நின்று போனை எடுத்தேன். அங்கே மேளச் சத்தம் வரவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன், இட்லி சாப்பிட்டேன் என்றேன். வழக்கம்போல மௌனம். அப்புறம் அவர் கேட்டார்.

"மொத பந்தி எழுந்துட்டாங்களா?"

எங்கோ யாரோ சாம்பார் வாளியைத் தரையில் வைத்த சத்தம் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நல்லா சாப்பிட்டு வாருங்கள், அரை நாள் லீவு எழுதிக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

சின்னசேலத்தில் எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் கதை இன்னும் மோசம். அவர் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் காலை போனில் மேடம், வூட்ல மிக்சி ஓடுற சத்தமே காணோமே, எல்லாரும் நல்லா கீறாங்களா என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் உடைந்து அழுதிருக்கிறார். அரை மணி நேரம் மேடம் அவரை அழ விட்டு, பேசாமல் லைனிலேயே இருந்தாராம். இதை அந்த ஆளே என்னிடம் சொன்னபோது நன்றியோடுதான் சொன்னார். எனக்கு என்னவோ அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நம் வீட்டுச் சுவருக்குக் காது வைத்தது போல ஒரு எண்ணம். மறுநாளிலிருந்து ஒன்பது பத்துக்கு முன்னாலேயே அடுப்பை அணைத்து, டி.வி.யை நிறுத்தி, அம்மாவைப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன்.

கம்பெனிக்கு இந்தப் போன் பேச்சு பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் வீணாகிறது என்றார்கள். அதற்காகவே எங்கள் லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. ஆள் வேலை செய்தால் பச்சை. ஐந்து நிமிடம் மௌஸ் அசையாவிட்டால் மஞ்சள். வாரக் கடைசியில் யாருக்கு எத்தனை மஞ்சள் என்று கணக்கு வரும். எங்களுக்குப் புள்ளியை ஏமாற்றுவது ஒரே வாரத்தில் பழகிவிட்டது. தலையை ஆட்டும் டேபிள் ஃபேனில் மௌஸைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன்.

மேடம் அந்தப் புள்ளிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யாராவது போனுக்குப் பதிலாக 'நலமாக இருக்கிறேன், வேலையைத் தொடங்கிவிட்டேன்' என்று மெசேஜ் போட்டால் உடனே திரும்பக் கூப்பிடுவார்.

"எழுதறதுல எல்லாரும் நல்லாதான் கீறாங்க. கொரல குடுங்க."

அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது இந்த வார்த்தைதான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு வியாழக்கிழமை காலை, போன் வரவேண்டிய நேரத்துக்கு மேடமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. எனக்கு வந்த முதல் எண்ணம், மௌஸைக் கட்டிவைத்தது தெரிந்துவிட்டது என்பதுதான்.

அவர் உள்ளே வரவில்லை. அலமேலுவின் ஊருக்கு வழி தெரியுமா என்று கேட்டார். தெரியும், அவள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன் என்றேன். கிளம்புங்கள் என்றார்.

அலமேலு செவ்வாய்க்கிழமையிலிருந்து போனை எடுக்கவில்லையாம். மெசேஜ் மட்டும் வருகிறது. 'மழையால் டவர் சரியில்லை மேடம். வேலை தடையில்லாமல் நடக்கும்.' இரண்டு நாளும் ஏறக்குறைய இதே வரி. புள்ளி பச்சையாகவே இருக்கிறது. ஃபைல்களும் வந்துகொண்டிருக்கின்றன. மலையில் மழைக்கு டவர் போவது புதிதா என்று நான் கேட்டேன். அவர் தன் போனில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார்.

எங்கள் எல்லாரையும்விட அலமேலு கவனமானவள். டாக்டர் கையெழுத்து புரியவில்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டு விட்டுவிடுவாள். ஒரு மருந்தின் பெயரைக்கூட ஊகித்து எழுத மாட்டாள். இந்த ஃபைலில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. புரியாத இடங்களிலெல்லாம் வாய்க்கு வந்த மருந்துப் பெயர் இருந்தது.

"இத தட்டுனது அவ இல்ல. வேற ஆளு. அப்ப அவ எங்க?"

மூன்று வருடத்தில் அவர் எங்களில் ஒருவரை 'அவ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வேறு மாதிரி ஆனது.

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். கோமுகி அணையைத் தாண்டி மலையேற ஆரம்பித்ததும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. மேடம் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது வளைவிலோ ஐந்தாவது வளைவிலோ, நான் கேட்காமலேயே ஒன்றைச் சொன்னார்.

கொரோனா சமயத்தில் அவர் வேறொரு கம்பெனியில் டீம் பார்த்துக்கொண்டிருந்தாராம். உளுந்தூர்பேட்டை பக்கத்துப் பையன் ஒருவன் அந்த டீமில் இருந்தான். லேசாகக் காய்ச்சல், பரவாயில்லை, நாளைக்குள் முடித்துவிடுகிறேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறான்.

"நான் இன்னா பண்ணேன் தெரியுமா? கட்டவெரல் படம் ஒன்னு போட்டு வுட்டேன். வேற ஒன்னும் கேக்கல. நாலாம் நாளு அவுங்க அண்ணன் வந்து லேப்டாப்ப திருப்பிக் குடுத்தாரு. அப்பதான் எனக்குத் தெரியும்."

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியை இறுகப் பிடித்து விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இவ்வளவு நாள் நாங்கள் பயந்த அந்த ஆள் எங்களைவிடப் பயந்துபோய் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் பட்டது.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப் பிடித்தோம். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே சேறு தாங்காது என்று டிரைவர் நிறுத்திவிட்டார். அங்கேயே இருங்கள், திரும்பி வருவோம் என்று மேடம் அவரிடம் கேட்டுக்கொண்டார். நடந்தோம். மழை நின்றிருந்தது, மூட்டம் விலகவில்லை. பத்தடிக்கு முன்னால் வருகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. என் மனதில் என்னென்னவோ ஓடியது. புருஷன் அடித்துப் போட்டிருப்பானோ. அவளை எங்கேயோ அனுப்பிவிட்டுச் சம்பளத்துக்காக இவனே தட்டிக்கொண்டிருக்கிறானோ. அவள் புருஷன் கோவிந்தனைக் கல்யாணத்தன்று பார்த்ததுதான். நல்ல மாதிரியா கெட்ட மாதிரியா என்று அப்போது கவனிக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்களுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். திரும்பிப் போய் போலீசோடு வரலாமா என்று கேட்டேன். மேடம் காதில் வாங்கவில்லை. அவர் நடை ஓட்டமாக மாறியிருந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் கோவிந்தன்தான் திறந்தான். எங்களைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் லேப்டாப் திறந்திருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையில் போன் தொங்கியது.

"அலமேலு எங்க?" என்றார் மேடம்.

அவன் பின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மேடம் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

பின் அறையில் பாயில் கிடந்தாள். மேலே இரண்டு போர்வை. முகத்தில் ரத்தமே இல்லை, உதடும் கன்னமும் ஒரே நிறமாக இருந்தன. மூலையில் ஒரு பக்கெட்டில் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மேடம் அவளருகே மண்டியிட்டு உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அலமேலு, இங்க பாரும்மா. இன்னாம்மா ஆச்சு? எத்தினி மாசம்?"

"நாலு" என்றாள். அவ்வளவு மெல்லிய குரல். போனில் என்றால் கேட்டிருக்கவே கேட்காது.

அவள் கர்ப்பமாக இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு இடையில் கொஞ்ச நாள் எங்களோடு பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்திருந்த ஒருத்தி ஆறு மாதம் என்று சொன்ன வாரத்திலேயே, அவள் பார்த்த வேலை முடிந்துவிட்டது என்று சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அதற்காக மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

வீட்டில் ஃபைல் அனுப்பும் அளவுக்குத்தான் ஜன்னலில் நெட் கிடைக்கும். பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். மேடத்தின் போனை எடுப்பதற்காகத் தினமும் காலையில் ஏறியிருக்கிறாள். இதைக் கோவிந்தன் சொன்னபோது மேடம் நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை விடியற்காலையிலேயே அவளுக்கு வயிறு வலித்து ரத்தம் பட்டிருக்கிறது. அன்றைக்கும் ஏறினாள். போனை எடுக்கவில்லையென்றால் மேடம் கண்டுபிடித்துவிடுவார் என்றாளாம். பேசிவிட்டு இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் எழுந்து நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், ரத்தம் இரண்டு நாளில் நின்றுவிடும், நீ தட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பிளஸ் டூ படித்தவன். மூன்று நாளாக இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழம என்னாண்ட பேசுனாளே" என்றார் மேடம். "சிரிச்சிக்கினே பேசுனா. காத்து சத்தம் கேட்டுச்சு. வாசல்ல உக்காந்துக்கினு பேசறான்னு நெனச்சேன்."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோவிந்தன் வெளியே ஓடி ஆட்களைக் கூப்பிட்டான். போர்வையில் கம்பு கோத்துத் தூளி கட்டி நாலு பேர் தூக்கினார்கள். சேற்றில் ஒருவர் கால் சறுக்கும்போதெல்லாம் தூளி ஒரு பக்கம் சாயும், எனக்கு உயிர் போய்த் திரும்பும். மேடம் தூளியோடு ஒட்டி நடந்தார். 'அலமேலு, பேசும்மா, ஏதாச்சும் பேசு' என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்போது மேடம் நடந்துகொண்டே அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டார். ஜீப் வரும்வரை எடுக்கவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போதே, எல்லையில் மேட்டுப் பக்கம் அந்தப் பாறையைப் பார்த்திருந்தோம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. பாசி படிந்து கறுப்பாக மினுமினுத்தது. அவள் பிடித்து ஏறுவதற்காகக் கோவிந்தன் மேலே ஒரு மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். மேடம் அதைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பிறகு தூளிக்குப் பின்னால் ஓடினார்.

வெள்ளிமலையில் டாக்டரம்மா குளுகோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. அலமேலு பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், எங்கள் முகத்தைப் பார்த்து முடிக்காமல் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஒன்பது பத்துக்கு யாருக்கும் போன் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் வந்தால் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து விசாரணை வந்தது. அந்த மூன்று நாள் ஃபைல்களில் தப்பான மருந்துப் பெயர்கள் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியாள் கையில் நோயாளிகளின் சீட்டு போவது பெரிய குற்றம். யார் பெயரில் யார் தட்டினாலும் அன்றே வேலை போய்விடும் என்று நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். வீடியோவில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அலமேலு ஆஸ்பத்திரியில் இருந்ததால் வரவில்லை. எங்கள் பத்து பேரின் முகமும் பத்துக் கட்டங்களில் தெரிந்தது. மேலே பெரிய கட்டத்தில் சென்னை அதிகாரி. ஓரத்தில் ஒரு கட்டத்தில் மேடம்.

அலமேலுவின் பெயரில் வேறு ஆள் தட்டியது உங்களுக்கு எப்போது தெரியும் என்று அதிகாரி அவரிடம் கேட்டார். வியாழக்கிழமை காலையில்தான் தெரியும் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் மேடத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அலமேலுவின் வேலை மட்டும்தான் போயிருக்கும்.

"நான்தான் சார் தட்டச் சொன்னேன்" என்றார் மேடம். "அவங்களுக்கு உடம்பு முடியல. வேலை நிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர வச்சி முடிக்கச் சொன்னது நான். அவங்க மேல தப்பு இல்ல."

அது பொய் என்று அந்தக் கட்டங்களில் இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு இட்லிப் பொய்யைக்கூட விடாதவர், கேமராவைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார். வேறு யாருக்காவது இதைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று அதிகாரி எங்களைக் கேட்டார். என் மைக் மூடியிருந்தது. அதைத் திறக்கும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. திறந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மேடத்தைக் காப்பாற்றினால் அலமேலு போவாள். இருவருக்காகவும் பேசினால் நான் போவேன். அம்மாவின் மாத்திரைச் செலவு ஞாபகத்துக்கு வந்தது. பத்துக் கட்டங்களிலும் ஒரு சத்தமும் இல்லை. அதிகாரி நன்றி சொல்லி மூடிவிட்டார்.

மறுநாள் மேடம் வேலையில் இல்லை. அடுத்த வாரம் அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

பத்துப் பேர் எங்கெங்கோ இருக்க, அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது என்ன என்று அப்போது தெரிந்தது. புள்ளிகள் பச்சையாக இருக்கும். மெசேஜ்கள் நன்றாக இருக்கும். போன் செய்யப் பயமாக இருக்கும், யாராவது பாறை ஏறுவார்களோ என்று. செய்யாமல் இருக்கவும் பயமாக இருக்கும். ஒரு நாளில் பத்து முறை போனைக் கையில் எடுத்து வைப்பேன்.

ஒரு மாதம் கழித்து அலமேலு வேலைக்குத் திரும்பினாள். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். தன்மேல் கோபத்தில்தான் மேடம் வேலையை விட்டுப் போனார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் ஐந்து மாதம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதாக இருக்கும்.

சித்திரையில் ஒருநாள் மருந்து வாங்க டவுனுக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, அக்கா, மேடத்துக்கு என்மேல இன்னும் கோவமா, மன்னிப்பு கேட்டு மெசேஜ் போடட்டுமா என்று கேட்டாள். மெசேஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கைத் திறக்காததையும் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, மணலூர்பேட்டைக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள். நானும் கூடக் கிளம்பினேன்.

மேடம் மணலூர்பேட்டை கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் ரேஷன் கார்டு விஷயமாக எதிரில் உட்கார்ந்திருந்தார். மேடம் நிமிர்ந்து அலமேலுவைப் பார்த்தார். முகத்திலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல மேடம்."

"கண்ணு கீழ காட்டு." எட்டி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "இன்னும் ரத்தம் கம்மியாதான் கீது."

அலமேலு அழுதாள். எனக்காக ஏன் மேடம் பொய் சொன்னீங்க என்று கேட்டாள். மேடம் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நான் போன் பண்ணிக்கினு இருந்ததாலதான் நீ பாற ஏறுன. அத அவங்க கேக்கவே இல்லம்மா. அவங்க கேட்டதுக்கு என்னால வேற எப்டி பதில் சொல்ல முடியும்?"

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அன்னிக்கு நான் பயந்துக்கினுதான் பேசல மேடம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியுங்க. எனக்கும் அன்னிக்கு பயம்தான். நீங்க எங்க வாயத் தொறந்துருவீங்களோன்னு ஒங்க கட்டத்த பாக்காமலே உக்காந்துக்கினு இருந்தேன்."

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். மேடம் பேனாவைத் திறந்து, அவர் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார்.